நம்பர் அக்காவின் போன வருஷப் படம்

எங்கள் பஸ் டிப்போவில் பெயிண்ட் அடிக்க ஆறு பேர் இருக்கிறார்கள். எண் எழுத ஒரே ஆள்தான். வண்டியின் நெற்றியில் இருக்கும் நம்பர், சீட் நம்பர், ஏறும் வழி, இறங்கும் வழி, அவசர வழி எல்லாம் அவள் கை. அதனால் அவளுக்கு நம்பர் அக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

நான் பக்கத்துக் கொட்டகையில் சீட் கவர் தைக்கிறவள். பத்தொன்பது வருஷமாக எங்களுக்கு நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அவள் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் மெஷினில் நூல் அறுந்துபோகும், அப்படி ஒரு தும்மல். என்னை அவள் 'சீட்டு' என்றுதான் கூப்பிடுவாள். அவளைவிட நான் நாலு வயசு சின்னவள் என்பதால் நான் 'அக்கா' என்பேன். மற்றபடி மரியாதை எல்லாம் எங்களுக்குள் கிடையாது.

பிடிவாதக்காரி. அவள் வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். இரண்டே அறை. சுவரில் இருக்கும் ஐந்து சுவிட்சுக்கும் எண் எழுதியிருப்பாள். தண்ணீர்க் குடம் மூன்றுக்கும் எண். ஒன்றாம் குடம் தீர்ந்த பிறகுதான் இரண்டாம் குடத்தில் கை வைக்கலாம். அவள் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற சாதுவான மனுஷர். "எனக்கு மட்டும்தாம்மா இன்னும் நம்பர் போடல" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் எழுதுவதிலேயே முக்கியமானது பஸ்ஸின் முன்கதவு ஓரத்தில் சின்னதாக இருக்கும் ஒரு வரி. 'அடுத்த சோதனை' என்று போட்டு ஒரு தேதி. பிரேக், ஸ்டியரிங், அடிச்சட்டம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் அங்கே புதுத் தேதி ஏறும். ஒருமுறை ஃபோர்மேன் வந்து, "வண்டி நல்லாத்தான் ஓடுது, இன்னைக்கு ஆள் பத்தல, தேதியை மட்டும் மாத்தி எழுதிடும்மா" என்றார். அவள் பிரஷ்ஷை டப்பாவில் போட்டாள்.

"நின்னுபோன வண்டியை யார் வேணா பிரிச்சுப் பார்ப்பாங்க சார். ஓடுற வண்டியைப் பார்க்கத்தானே தேதி போடுறோம்?"

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். ஃபோர்மேன் தலைகீழாக நின்று பார்த்தார். இரண்டு நாள் கழித்து அந்த வண்டியைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தேதி எழுதினாள்.

இனி நான் சொல்லப்போவது புரிய வேண்டுமென்றால் அவள் அச்சு வெட்டும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். எண் எழுத அச்சு வேண்டும். அட்டையில் வெட்டினால் பெயிண்ட்டில் ஊறிக் கெட்டுவிடும். தகரம் வளைவில் படியாது. பழைய எக்ஸ்ரே பிலிம் மாதிரி தோதான சாமான் கிடையாது. டிப்போவில் யாருக்குக் கை கால் முறிந்தாலும் முதலில் ஓடிப்போய் நலம் விசாரிப்பவள் அவள்தான். அடுத்த கேள்வி, "அந்த பிலிம் இனிமே தேவைப்படாதுல்ல?" என்று வரும். வாங்கி வந்த பிலிமை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்ப்பாள். கறுப்பு கழன்று கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதன் மேல் எண்ணை வரைந்து கத்தியால் வெட்டி எடுத்தால் அச்சு தயார்.

வெட்டி எடுத்த துண்டு இருக்கிறதே, அது எனக்கு வரும். டிரைவர் சீட்டின் முதுகுப் பக்கம், மேல் மூலையில் துணி தொய்ந்துவிடாமல் இருக்க உள்ளே விறைப்பாக ஏதாவது வைத்துத் தைக்க வேண்டும். பிலிம் துண்டு வியர்வையில் ஊறாது. அவள் அச்சு வெட்டுவதும், நான் துண்டைப் பொறுக்குவதும், ஊரெல்லாம் ஓடுகிற பஸ்களில் யார் யாருடைய முழங்கால் துண்டோ டிரைவர்களின் முதுகுக்குப் பின்னால் இருப்பதும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

இரண்டு வருஷத்துக்கு முன் டிப்போ முற்றத்துக்கு ஒரு வெள்ளை வேன் வந்தது. உள்ளே மேமோகிராம் மெஷின். நாற்பது தாண்டிய பெண்கள் வந்து மார்பைப் படம் எடுத்துக்கொள்ளலாம், இலவசம், வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் மைக்கில் சொன்னார். கண்டக்டர், கிளீனர், ஆபீஸ் என்று எங்கள் டிப்போவில் அந்த வயதில் இருபத்து மூன்று பெண்கள். பத்தொன்பது பேர் போனார்கள். அடுத்த வருஷமும் அதே மாதத்தில் வேன் வந்தது. பதினொரு பேர் போனார்கள். "போன வருஷம்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே" என்று மற்றவர்களுக்கு ஒரு சமாதானம். இந்த வருஷம் வேனே வரவில்லை. ஒரே ஒருத்தி பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"வேன் வரலன்னா என்ன, எனக்குக் கால் இல்லையா?" என்றாள். அவள் பெயிண்ட் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் அவள் கையாலேயே எழுதி வைத்திருந்தாள், அடுத்த சோதனை என்று, தேதியோடு.

நானா? நான் இரண்டு வருஷமும் வேன் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. முதல் வருஷம் அவசர சீட் வேலை. இரண்டாம் வருஷம் தலைவலி. உண்மையில் பயம். தெரியாதவரைக்கும் நிம்மதி என்று இருந்துவிட்டேன். நம்பர் அக்கா திட்டித் தீர்த்தாள். நான் மெஷினை வேகமாக மிதித்தேன், சத்தத்தில் காது கேட்காத மாதிரி.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இடது பக்கம் ஏதோ தெரியுதாம். கட்டி இல்ல. உப்பைத் தூவின மாதிரி வெள்ளப் புள்ளிங்க. கையில ஒண்ணும் தட்டுப்படல, வலியும் இல்ல."

நான் என் டப்பாவையும் மூடினேன். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ரெண்டுங்கெட்டானா இருக்குங்கறாங்க. போன வருஷமும் இதே புள்ளி இதே மாதிரி இருந்திருந்தா பயப்பட வேணாமாம். புதுசா வந்திருந்தா உடனே ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பார்க்கணுமாம். பழைய படம் எங்கன்னு கேட்டாங்க." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துத்தான் சொல்ல முடியுமாம்."

பழைய படம் எங்கே என்று எனக்கும் தெரியும். முதல் வருஷத்து நாலு பிலிமும் ப்ளீச்சிங் தண்ணீரில் முங்கி வெள்ளையாகிப் பல நாளாயிற்று. இரண்டாம் வருஷத்து நாலில் இரண்டும் அப்படித்தான், மீதி இரண்டு எந்த அச்சாகிப்போனதோ தெரியவில்லை. வேன்காரர்களிடம் ஏதாவது பிரதி இருக்குமா என்று போன் போட்டோம். அந்த எண்ணில் ஒருத்தர் எடுத்து மாவு மில் என்றார்.

"வேற எவளாவது தன் படத்தை வெட்டி பஸ்ஸுக்கு நம்பர் எழுதியிருப்பாளா?" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "எல்லாரோடதையும் வெட்டினேன். என்னோடதை மட்டும் என்ன, தங்கமான்னு வெட்டினேன்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் சொன்னார்: "டாக்டரே ஆறு மாசம் பொறுக்கலாம்னு சொல்றாங்க. பொறுத்துத்தான் பார்ப்போமே."

"தேதி தெரியாத வண்டியை நான் ஆறு மாசம் ரோட்டுல விடமாட்டேங்க" என்றாள் அவள். அதற்கு மேல் பேசிப் பிரயோஜனமில்லை என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் தன் அச்சுப் பெட்டியைத் தரையில் கொட்டினாள். இருநூறு முந்நூறு அச்சு இருக்கும். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ப்ளீச்சிங் பவுடர் தீர்ந்துபோன ஒரு வாரம், கழுவாமலே அவசரத்துக்கு வெட்டியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பதினோரு மணிக்குக் கிடைத்தது. கழுவாத கறுப்பு பிலிம், ஓரத்தில் அவள் பெயரும் வேன் வந்த தேதியும் இடது பக்கம் என்ற குறியும். மேலே மஞ்சள் பெயிண்ட் தடிமனாகக் காய்ந்திருந்தது. நடுவில் பெரிதாக ஐந்து என்ற எண் வெட்டப்பட்டு ஓட்டையாக இருந்தது.

மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி துடைத்தாள். மஞ்சள் போய்ப் படம் வந்தது. அரைநாள் லீவு போட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். மண்ணெண்ணெய் நாற்றமடிக்கும் அந்த அச்சை விளக்குப் பெட்டியில் மாட்டி, பக்கத்தில் புதுப் படத்தை மாட்டி, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று நான் முறைத்துக்கொண்டிருந்தேன். இல்லை.

"சரியா அந்த இடம்தாம்மா இல்ல" என்றார். விரலால் காட்டினார். ஐந்தின் கீழ்வயிறு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம் தெரிந்தது. "இந்த ஓட்டைக்குள்ளதான் வருது."

"வெட்டின துண்டு கிடைச்சா?" என்றாள் நம்பர் அக்கா.

"துண்டா? அது இன்னுமா இருக்கும்?"

நம்பர் அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தத் துண்டைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை, தேடவே வேண்டாம். ஆனால் நான் எதையும் குப்பையில் போடாதவள்.

எந்த வண்டிக்கு எந்த நாளில் சீட் தைத்தேன் என்று நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். அதற்காக டிப்போவே என்னைக் கேலி செய்யும். அச்சு வெட்டிய வாரத்தைப் பார்த்தேன். மூன்று டிரைவர் சீட். பன்னிரண்டு, முப்பத்தொன்று, நாற்பத்து நாலு. பன்னிரண்டும் முப்பத்தொன்றும் முற்றத்தில் நின்றன. நாற்பத்து நாலு லைனில் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்றில் ஏறி, தையல் பிரிக்கும் கத்தியை மூலையில் விட்டேன். ஃபோர்மேன் ஓடி வந்தார்.

"ஏம்மா, நல்லா இருக்கற சீட்டை ஏன் கிழிக்கற? பைத்தியமா உனக்கு?"

"ஆமா சார். கிழிச்சதை நானே தைக்கப்போறேன், உங்க கையையா கேட்டேன்?" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. நம்பர் அக்காவோடு பழகிய தோஷம். அவர் என்ன விஷயம் என்று கேட்டார். நம்பர் அக்கா ஒளிவுமறைவில்லாமல், மார்பு என்ற வார்த்தையை விழுங்காமல், முழுசாகச் சொன்னாள். மனுஷன் காது வரைக்கும் சிவந்துபோய், தொப்பியைக் கழற்றி மாட்டி, "சரி சரி, பாருங்க" என்று நகர்ந்துவிட்டார்.

முப்பத்தொன்றில் யாருடையதோ கணுக்கால் இருந்தது. பன்னிரண்டில் இரண்டு என்ற எண் வடிவத்தில் யாருடையதோ விலா எலும்பு. ஐந்து இல்லை.

நாற்பத்து நாலு மதியம் இரண்டு மணிக்கு ஆள் மாற வரும். இருபது நிமிஷம் நிற்கும். நாங்கள் ஒன்றரைக்கே வாசலில் போய் நின்றோம். மனசுக்குள் நான், துண்டு இருக்க வேண்டும், அதில் அந்தப் புள்ளி இருக்க வேண்டும், போன வருஷமே இருந்து தொலைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பழசு என்றால் பயமில்லை அல்லவா?

வண்டி வந்தது. டிரைவர் தம்பி இறங்குவதற்குள் நான் ஏறிவிட்டேன். மூலைத் தையலைப் பிரித்து உள்ளே இரண்டு விரலை விட்டேன். வழுவழுப்பாக ஏதோ பட்டது. இழுத்தேன். கறுப்பு ஐந்து, மடங்காமல், கசங்காமல் வந்தது.

"என்னக்கா அது? என் சீட்டுக்குள்ள என்ன வச்சிருந்தீங்க?" என்றான் அவன். சொன்னோம். பத்து மாசமாக எதன் மேல் சாய்ந்திருந்தோம் என்று புரிந்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "ஐயோ, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா" என்றான்.

"பரவால்லப்பா. மடங்காம வச்சிருந்தியே, அது போதும்" என்றாள் நம்பர் அக்கா. ஃபோர்மேன்கூடச் சிரித்துவிட்டார்.

துண்டை ஓட்டைக்குள் பொருத்தி, பின்பக்கம் செல்லோ டேப் ஒட்டி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்துக் கொடுத்தது அவள் வீட்டுக்காரர். கண்ணாடிக் கடை வேலை அன்றைக்குத்தான் வீட்டுக்கு உதவியது. கடையிலிருந்து வெட்டி வந்து, ஓரம் கையில் கீறாமல் தேய்த்துக் கொடுத்தார்.

டாக்டரம்மா மறுபடியும் மாட்டிப் பார்த்தார். இந்த முறை வெகு நேரம் ஆகவில்லை.

"இங்க ஒண்ணும் இல்ல. போன வருஷம் சுத்தமா இருந்திருக்கு" என்றார். "அப்போ இது புதுசு. ஆறு மாசம் வேணாம்மா. இந்த வாரமே ஊசி போட்டுடலாம்."

நான் வேண்டிக்கொண்டதற்கு நேர்மாறாக நடந்தது. நம்பர் அக்கா மட்டும் தலையை ஆட்டினாள். "தேதி சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஊசி. அடுத்த வாரம் முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பத்திலும் ஆரம்பம். பால் வரும் குழாய்க்குள்ளேயே இருக்கிறது, வெளியே கால் வைக்கவில்லை என்றார் டாக்டரம்மா. கையில் தட்டுப்படுகிற அளவுக்கு வளர்ந்து, அதற்குப் பிறகு வந்திருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கலாம். "ஒரு படம் மட்டும் இருந்தா அதைப் பார்த்து யோசிக்கத்தான் முடியும். வருஷா வருஷம் படம் இருந்தா என்ன மாறியிருக்குன்னு தெரியும்" என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். என்னையும் ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை என் முகத்திலேயே எழுதியிருந்ததோ என்னவோ.

அன்று கொட்டகைக்கு வந்து மெஷினில் தலையை வைத்து அழுதேன். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "சீட்டு, அழுது நூலை நனைக்காத. எனக்கு ஒண்ணும் ஆகல."

சின்ன ஆபரேஷன். அந்த இடத்தை மட்டும் எடுத்தார்கள். பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் கதிர் சிகிச்சை. போகும்போதும் வரும்போதும் நாற்பத்து நாலில்தான் போனாள். டிரைவர் தம்பி மேடு பள்ளம் பார்த்து ஓட்டினான். மூன்றாவது மாதம் வேலைக்கு வந்துவிட்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். வாய் இளைக்கவில்லை.

இப்போதும் அச்சுக்கு பிலிம் கேட்கிறாள். ஆனால் யார் கொண்டுவந்தாலும் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறாள். போன மாதம் ஃபோர்மேன், வீட்டில் சும்மா கிடந்தது என்று ஒரு உறையைக் கொடுத்தார். பார்த்துவிட்டுத் திருப்பி அவர் கையிலேயே திணித்தாள்.

"இது உங்க வீட்டம்மாவோட மேமோகிராம். எடுத்து மூணு வருஷம் ஆச்சு. அப்புறம் எப்போ எடுத்தாங்க?"

"அப்புறம் எதுக்கும்மா? நல்லாத்தானே இருக்கா."

"வண்டி நல்லாத்தான் ஓடுதுன்னு நீங்க சொன்னதும் இதே வாயாலதானே சார்?"

ஃபோர்மேன் ஒற்றைக் காலில் நின்று என்னென்னவோ சொன்னார். அவர் பெண்டாட்டிக்கு அங்கேயே போன் போட வைத்து, தேதி வாங்கிய பிறகுதான் அவரை விட்டாள்.

அடுத்தது என் முறை. "உனக்கு எப்போ?" என்று தினமும் தடுப்பைத் தட்டினாள். எனக்குச் சாக்கு தீர்ந்துவிட்டது. எந்தச் சாக்கு சொன்னாலும், நான் என் கையாலேயே சீட்டுக்குள்ளிருந்து இழுத்த அந்தக் கறுப்பு ஐந்து கண்முன் வந்து நின்றது. போனேன். அவளும் வந்தாள். நான் ஓடிவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம்.

மெஷினின் இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறார்கள். வலிக்கும். வலிக்காது என்று பொய் சொல்லமாட்டேன். பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு தடவை. இதற்குப் பயந்தா இத்தனை வருஷம் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வாருங்கள் என்று பிலிமைப் பெரிய உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

கொட்டகைக்கு வந்து உறையை அவளிடம் நீட்டினேன். "இந்தா, ஏழு நம்பர் அச்சு தேஞ்சு போச்சுன்னு சொன்னியே, இதுல வெட்டிக்கோ" என்றேன்.

"கையை ஒடிச்சிருவேன்" என்றாள்.

உறையைப் பிடுங்கி மேஜை மேல் வைத்து, சீட் நம்பர் எழுதும் சின்ன அச்சை எடுத்தாள். கறுப்புப் பெயிண்ட்டில் பஞ்சைத் தொட்டு, உறையின் மேல் மூலையில், ஓரத்தோடு ஓரமாக ஒன்று என்று ஒற்றினாள். இத்தனை பெரிய உறையில் நடுவில் எழுதாமல் ஏன் மூலையில் எழுதுகிறாய் என்று கேட்டேன்.

"மத்த நம்பருக்கெல்லாம் இடம் வேணாமா?"

பெயிண்ட் காயும்வரை உறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அச்சின் அளவுக்கு அதில் இன்னும் முப்பது எண்ணுக்கு இடம் இருந்தது.